ஒளி ஊடுருவிய ஒலிநாடா: ‘பொஹீமியன் றப்சொடி’ பதிவான வரலாறு

இசைத்தட்டும் ஒலிநாடாவும் வழக்கிற்கு வந்தபின் தோன்றிய பாடல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை காணவேண்டியவராகின்றனர். பாடலை ஆக்கியவர் யார் என்பது ஒன்று. அது எவ்வாறு பதிவாயிற்று என்பது மற்றொன்று. நம்மவரிடையே முதலாவது வினாவுக்குக் கிடைத்த கவனம் இரண்டாவதற்குக் கிடைத்ததில்லை. குயீன் என்னும் ஆங்கில றொக் இசைக்குழு 1975ஆம் ஆண்டிற் பதிவுசெய்த ‘பொஹீமியன் றப்சொடி’ என்னும் பாடலைப் பொறுத்தவரை இவ்விரு வினாக்களையும் பிரித்துப் பார்த்தல் இயலாது. அதன் நடுப்பகுதி பதிவு நடந்துகொண்டிருக்கையிலேயே வளர்ந்து உருப்பெற்றது. அப்பதிவின் கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் ஒரு சொந்த நினைவு. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்ததை அக்காலத்து வாழ்ந்தோர் மறவார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு வானொலியும் கசெற்றும் கேட்டோம். சுற்றுபவரின் கை ஓயுமிடத்துப் பாடகரின் குரலும் ஓய்ந்து கீழிறங்கும். அவ்வாறு கேட்ட கசெற்றுகளுள் ஒன்றிலேயே இப்பாடலும் இருந்தது. அது எத்தனையாவது பிரதியோ அறியோம். தொடக்கத்துப் பியானோவும் தனிக்குரலும் தெளிவாகவே விளங்கின. பலகுரற் பகுதி வந்ததும் எல்லாம் சந்தையிரைச்சலாயிற்று. கசெற்றின் பழுது என்றும், சுற்றுபவனின் சோம்பல் என்றும் நாம் தீர்ப்பளித்தோம். அத்தீர்ப்பு முற்றிலும் சரியானதன்று என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

பாடலை ஆக்கிய பிரெடி மேர்க்கியூரியின் இயற்பெயர் பரூக் புல்சாரா. இவர் 1946 செப்டெம்பர் 5இல் சான்சிபாரிற் பிறந்தவர். பெற்றோர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். தந்தையார் பிரித்தானிய ஆட்சியின் கீழ்க் காசாளராகப் பணியாற்றியவர். எட்டு வயதிலே பம்பாய்க்கு அண்மையிலுள்ள பஞ்ச்கனி மலைநகரின் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட இவர், அங்கேயே பியானோ பயின்று மாணவர் இசைக்குழு ஒன்றிலும் சேர்ந்திருந்தார். 1964இற் சான்சிபாரில் ஏற்பட்ட புரட்சியை அடுத்துக் குடும்பம் உடைமைகளை விட்டு இங்கிலாந்து சென்றது. ஊரை விட்டு இலண்டன் சேர்ந்த குடும்பங்களின் கதை நமக்குப் புதிதன்று. ஆயின் இவர் தம் பூர்வீகத்தைப் பற்றி மேடையிலும் பேட்டியிலும் அதிகம் பேசியவரல்லர். பாடலின் நடுவே வரும் ஓர் அரபுச் சொல்லைக் கொண்டு அவரது இளமையைத் துருவி ஆராய்வோர் உளர். ஒரு சொல்லின்மீது அவ்வளவு பாரத்தை ஏற்றுவது தகாது என்பதே எம் கருத்து.

குழுவின் ஏனையோரும் பல்கலைக்கழகத்து மாணவராய் இருந்தவரே. கிற்றார் வாசித்த பிறையன் மே வானியற்பௌதிக ஆய்வை இடைநிறுத்தியவர். அதனை மீண்டும் தொடர்ந்து 2007இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் வாசித்த கிற்றாரோ தந்தையும் மகனுமாகப் பழைய அடுப்பங்கரைச் சட்டமொன்றின் மரத்தைக்கொண்டு வீட்டிலே செய்தது. தாளவாத்தியக்காரர் றோஜர் ரெயிலர். தாழ்சுரக் கிற்றார் வாசித்த ஜோன் டீக்கன் மின்னணுவியல் கற்றவர்.

1975 ஓகஸ்ட் மாதத்தில் வேல்ஸ் நாட்டு மொன்மத் நகருக்கு அண்மையிலுள்ள றொக்பீல்ட் என்னுமிடத்தில் பதிவு தொடங்கியது. றொக்பீல்ட் முன்னர் ஒரு பாற்பண்ணை. வார்ட் சகோதரர் இருவர் அதனை 1960களில் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினர். இசைக்கலைஞர் தங்கியிருந்தே பதிவுசெய்யும் வசதி அங்கிருந்தது. மாட்டுத்தொழுவத்தின் அயலிலே உருவானது இப்பாடல் என்பதைக் கேட்கும்போது நம் தோட்டவெளிகள் நினைவுக்கு வருதல் இயல்பே. பின்னர் இலண்டனிலுள்ள வேறு சில கூடங்களிலும் பதிவு தொடர்ந்தது. குழுவினருடன் இணைந்து பதிவை நெறிப்படுத்தியவர் றோய் தோமஸ் பேக்கர். மேர்க்கியூரி தம் வீட்டிலே பியானோவில் முற்பகுதியை வாசித்துக் காட்டிச் சட்டென்று நிறுத்தி, ஒப்பரா வருமிடம் இதுவே என்று கூறியதாகப் பேக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இவ்விடத்து அக்காலப் பதிவுமுறைகள் பற்றிச் சிறிது விளக்குதல் அவசியமாகின்றது. 1970களிற் சென்னைத் திரைப்படப் பாடல்கள் பதிவான முறையை நம்மிற் பலர் அறிவர். பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் இசைப்பர். கடைசி அடியில் ஒரு வயலின்காரர் தவறினாலும் பாடல் முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். இலங்கை வானொலியின் மூலம் நம் வீடுகளுக்கு வந்த பாடல்களுட் பெரும்பாலானவை அவ்வாறு ஒரே மூச்சிற் பதிவானவையே. றொக்பீல்டில் இருந்ததோ பல்தடப் பதிவுக்கருவி. இரண்டங்குல அகலமுள்ள ஒலிநாடாவில் இருபத்துநான்கு தடங்கள் அருகருகே ஓடும். தோட்டத்துப் பாத்திகளைப் போல ஒன்றிற்கு நீர் விடுகையில் மற்றையவற்றைத் தொடாதிருக்கலாம். ஒரு தடத்தில் முரசு, மற்றொன்றிற் பியானோ எனத் தனித்தனியே பதிந்து, முன் பதிந்ததைக் காதிற் கேட்டவாறே அடுத்ததைப் பாடலாம். ஒருவரே தம்மோடு தாம் சேர்ந்து பாடுதலும் இதனால் இயல்வதாயிற்று.

மேர்க்கியூரி பியானோவும் டீக்கனும் ரெயிலரும் தத்தம் வாத்தியங்களும் வாசிக்க, அடித்தளம் முதலிற் பதிவாயிற்று. ஒப்பராப் பகுதிக்காக முப்பது விநாடியளவு ஒலிநாடா வெறுமையாக விடப்பட்டது. அந்த முப்பது விநாடியே பின்னர் எல்லாருக்கும் வேலை வைத்தது. மேர்க்கியூரி நாள்தோறும் புதிய அடிகளுடன் வந்தார். கலிலியோவின் பெயரை மீட்டும் மீட்டும் பாடுமாறு சேர்த்துக்கொண்டே போனார். அவர் சேர்க்கச் சேர்க்கப் பேக்கர் நாடாவை வெட்டி ஒட்டி நீட்டினார்.

அப்பகுதியைப் பாடியவர் மூவரே. மேர்க்கியூரியின் குரல் நடுநிலையிலும், மேயின் குரல் தாழ்நிலையிலும், ரெயிலரின் குரல் மிக உச்சத்திலும் வலிமை பெற்றவை. ஓர் இசைவரியைப் பாடுவர். அதனையே மீண்டும் பாடிப் பதிவர். அதன்பின் அதற்கு ஒத்திசைவான அடுத்த சுரநிலையை எடுப்பர். நாளொன்றுக்குப் பத்து முதற் பன்னிரண்டு மணித்தியாலம் இவ்வாறு பாடினர் என்பர். இப்பகுதி நிறைவுறச் சுமார் மூன்று வாரங்கள் சென்றன. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்ட மேற்பதிவுகள் சில இடங்களில் 180 வரை சென்றதாகச் சொல்லப்படுகின்றது. கூடமொன்றில் நூறு பேர் நின்று பாடுவதாகத் தோன்றுவது மூன்று இளைஞரின் தொண்டையே.

இருபத்துநான்கு தடங்களில் 180 குரல்கள் எங்ஙனம் அடங்கின என்று வாசகர் வினவலாம். வாத்தியங்கள் பிடித்துக்கொண்ட தடங்கள் போக எஞ்சியவை சில. அவை குரல்களால் நிரம்பியதும், அக்குரல்களையெல்லாம் கலந்து ஒரு தடத்திலோ இரண்டிலோ பிரதிசெய்வர். வெறுமையான தடங்களிற் புதிய குரல்களைப் பதிவர். அவையும் நிரம்பியதும் மீண்டும் கலப்பர். இம்முறையில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, கலந்ததைப் பின்னர் பிரித்தல் இயலாது; சோற்றிற் கலந்த உப்பைப் போலத்தான். மேயின் குரலை இன்னும் சற்று உயர்த்தியிருக்கலாமே என்று மறுநாள் தோன்றினாற் பயனில்லை. ஆகவே முழுப்பாடலும் எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் கேளாமலே மனத்திற் கண்டு தீர்மானிக்க வேண்டியிருந்தது. மற்றது, பிரதியின் பிரதி தோறும் நாடாவுக்கே உரிய இரைச்சல் மிகுந்து ஒலியின் கூர்மை மழுங்கும். இப்பாடலின் சில பகுதிகள் எட்டாந் தலைமுறைப் பிரதிகள் என்பர்.

ஏடுபெயர்த்தெழுதிய மரபில் வந்த நமக்கு இந்நிலை விளங்காததன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, பெயர்த்தெழுதியோர் வழுக்களோடும் தொட்டால் ஒடியும் ஏடுகளோடும் போராட நேர்ந்தது. ஓலையிற் பிழை தலைமுறைகளாகச் சேர்ந்தது. றொக்பீல்டின் நாடாவில் எட்டுத் தலைமுறைகள் சில வாரங்களுள் நிகழ்ந்துவிட்டன என்பதே வேற்றுமை.

நாடாவின் தேய்வு வேறொரு வகையிலும் வந்தது. ஒலிநாடாவின் மேற்பரப்பிற் பூசப்பட்டிருப்பது இரும்பு ஒட்சைட்டு. கருவியின் தலைகளின்மீது நாடா ஓடுந்தோறும் அப்பூச்சு நுண்ணளவில் உதிரும். சாதாரணமான ஒரு பாடலுக்கு இது பொருட்டன்று. இந்நாடாவோ நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடியது. ஒருநாள் அதனை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தபோது மறுபுறம் தெரிந்தது என்று மே பின்னர் கூறியுள்ளார். இசையைத் தாங்கிய பூச்சு அந்த அளவிற்குப் போயிருந்தது. இன்னும் சிலநாள் பாடிக்கொண்டிருந்தாற் பாடல் தன்னைத்தானே அழித்திருக்கும். உடனடியாகப் பிரதியெடுத்துக் காத்தனர்.

இறுதியில் ஒத்திசைக் குரல்களின் தொடக்கம், தனிப்பாடல், கிற்றார், ஒப்பரா, வன்மையான றொக் பகுதி, மெல்லென அடங்கும் முடிவு எனத் தனித்தனியே பதிவான துண்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. சவர அலகினால் நாடாவை வெட்டி ஒட்டுவதே அக்காலத்து முறை. பாடலின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. வானொலிகள் மூன்று நிமிடப் பாடல்களையே விரும்பிய காலமாதலால் இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கினர். இலண்டன் வானொலி அறிவிப்பாளர் கெனி எவரெற் தமக்குக் கிடைத்த பிரதியை ஒரு வாரவிறுதியிலே பதினான்கு தடவை ஒலிபரப்பினார். 1975 ஒக்டோபர் 31இல் வெளியான இசைத்தட்டு, நவம்பர் இறுதியிலிருந்து ஒன்பது வாரங்கள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. மேர்க்கியூரி 1991 நவம்பர் 24இல் மறைந்த பின்னர் மீண்டும் முதலிடத்திற்கு வந்தது. விற்பனைக் கதையை இவ்வளவில் விடலாம்.

மேடையில் நிகழ்ந்ததே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. நால்வர் குழுவினால் அவ்வொப்பராப் பகுதியை மேடையிற் பாட இயலவில்லை. அவ்விடம் வந்ததும் விளக்கணைத்து நால்வரும் மேடையை விட்டு நீங்குவர், ஒலிநாடா பாடும், றொக் பகுதி தொடங்குகையில் மீண்டும் தோன்றி வாசிப்பர். ஆக்கியோரே பாடமுடியாத பாடலைப் பாடல் எனல் தகுமா என்று நம் கச்சேரி மரபில் ஊறியோர் கேட்பர். இவ்வினாவை எளிதிற் தள்ளிவிட முடியாது. நம் மரபிற் பாடல் என்பது ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறப்பது. பதிவு அதன் நிழல். றொக்பீல்டில் நிழலே உருவாயிற்று.

1975ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து இசைவரலாற்றிலும் நினைவுகூரத்தக்கது. மருதனார்மடம் இராமநாதன் இசைக்கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது அவ்வாண்டிலேயே. தவில்மேதை தெட்சணாமூர்த்தி நாற்பத்திரண்டு வயதும் நிறையாமல் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. அவர் தனியாவர்த்தனத்தை எவரும் இருபத்துநான்கு தடங்களிற் பதியவில்லை. இன்று அவரது கைவண்ணத்தை அறிய விழைபவர் கச்சேரிகளிற் பதிவான ஒலிநாடாக்களையே நாடவேண்டியுள்ளது. அவையும் கசெற்றிலிருந்து கசெற்றாகப் பெயர்ந்து கைமாறியவை. வலந்தலையின் தெளிவும் தொப்பியின் ஆழமும் இரைச்சலுக்குள்ளே தேடிக் காணவேண்டியவையாயின. மூலநாடா எவரது அலுமாரியிலேனும் இருக்குமாயின் அதனைக் கண்டெடுத்துப் பிரதிசெய்தல் நம் இசைத்துறையினரின் உடனடிப் பணியாதல் வேண்டும். அங்கே மூன்று வாரத்திற் தேய்ந்தது இங்கே ஐம்பது ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருக்கின்றது.

பல ஆண்டுகளின் பின்னர், நல்ல கருவியொன்றில், தெளிவான இசைவட்டிலிருந்து ‘பொஹீமியன் றப்சொடி’யைக் கேட்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. பியானோ கண்ணாடி போல் ஒலித்தது. ஒப்பராப் பகுதி வந்தபோது, சைக்கிள் சுற்றிய நாள்களிற் கேட்ட இரைச்சல் பெரும்பாலும் நீங்கியிருந்தது. ஆயினும் குரல்களின் ஓரங்களிலே ஒரு மங்கல் எஞ்சியிருந்தது. கருவியைத் திருகிப் பார்த்தும் அது போகவில்லை. அது றொக்பீல்டின் நாடாவிலிருந்தே வந்தது. அன்று மிதியைச் சுற்றியவனை நாம் வீணாக ஏசியிருந்தோம்.