சுண்டிக்குளத்துப் பறவைகள்

சுண்டிக்குளம் என்றதும் எம்மில் பலருக்கு 2009 ஆம் ஆண்டின் போர்ச் செய்திகளே நினைவுக்கு வரும். பிரித்தானியர் காலத்தில், 1938 இலேயே அது பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டமை பலர் அறியாதது.

கனகராயன் ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் ஆழங்குறைந்த களப்பு அது. மாரியில் பெருகும், கோடையில் வற்றிச் சேறும் உப்புமாகும். அந்தச் சேற்றின் புழுவையும் சிற்றுயிர்களையும் நாடியே பூநாரைகள் கூடுகின்றன. வடபுலக் குளிருக்கு அஞ்சிய ஊசிவால் வாத்துகளும் மத்திய ஆசிய வான்வழியே வந்திறங்குகின்றன.

ஆனையிறவை மையமாகக் கொண்ட 1991, 2000 ஆம் ஆண்டுச் சமர்கள் பறவை நோக்குவோரை அப்பக்கம் அண்டவிடவில்லை. இடையில் 2004 இன் ஆழிப்பேரலை வேறு. போர் முடிந்தபின், 2015 ஜூனில், 19,565 ஹெக்டேயர் தேசிய பூங்காவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மீள்குடியேறிய மக்களோ தம் காணிகளும் தொழிலிடங்களும் எல்லைக்குள் அகப்படுவதாக முறையிட்டனர். அம்முறைப்பாட்டில் நியாயம் உண்டென்பதே என் எண்ணம். தலைமுறைகளாக நாரையோடு மீனைப் பங்கிட்டு வாழ்ந்த வலைகாரன் பறவைக்குப் பகைவன் அல்லன்.

காணச் செல்வோர் ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில், வெயில் ஏறுமுன் செல்க. பிந்தினால் கானல் எழுந்துவிடும். தொலைநோக்கியில் கொக்கும் நாரையும் ஒன்றாகவே தெரியும்.