ஐரிஸ் தரவில் 1, 2, 3: வகைப்பெயருக்கு எண் எங்கிருந்து வருகிறது?

ஆர் மொழியில் வகைசார் மாறியை எண்ணாக்குவதைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதை ஒரு சேமிப்புச் சிக்கலாகவே நடத்தியிருக்கிறார்கள். 5, 10, 20 என்பவை எழுத்துச்சரங்களாக வந்து காரணி மாறியாகிவிட்டால், அதை நேரடியாக எண்ணாக்கும்போது மதிப்புகள் வருவதில்லை, நிலைகளின் வரிசை எண்களே வருகின்றன. எழுத்துவரிசையில் 10 முந்துவதால் 5 என்பது 3 ஆகிவிடும். முதலில் எழுத்துச்சரமாக்கி அதன்பின் எண்ணாக்கினால் சரியாகிவிடும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2020-இல் வந்த 4.0.0 பதிப்பு, எழுத்துச்சரங்களைத் தானாகவே காரணியாக்கும் வழக்கத்தைக் கைவிட்டபின் இச்சிக்கல் பெருமளவு குறைந்தும்விட்டது. நான் மறுப்பது இதற்கு அடுத்த படியை. எண்மதிப்பே இல்லாத வகைகளுக்கும் மென்பொருள் இட்ட வரிசை எண் நடைமுறைக்குப் போதும் என்ற வாதம் அது. அதற்கு ஆதரவாகக் காட்டப்படும் ஐரிஸ் தரவு, என் வாசிப்பில், அதற்கு எதிரான சாட்சி.

செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா ஆகிய மூன்று இனங்களில் இனத்துக்கு 50 பூக்கள். ஆர் இவற்றுக்கு 1, 2, 3 என எண்ணிடுவது ஆங்கில எழுத்துவரிசையால் மட்டுமே. ஆயினும் இந்த எண்ணுக்கும் அல்லிதழ் நீளத்துக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.949. இதைக் கண்டு நிறைவடைவோர், அந்த எண்கள் சம இடைவெளி என்னும் கூற்றையும் உடன் சுமந்து வருவதைக் கவனிப்பதில்லை. அல்லிதழ் நீளத்தின் சராசரிகள் முறையே 1.462, 4.260, 5.552 செ.மீ. இரு முனைகளின் நடுப்புள்ளி 3.507, வெர்சிகலர் அங்கே இல்லை. 1936-இல் இத்தரவை வெளியிட்ட ஃபிஷர் வேறோர் இடைவெளியைச் சோதித்தார் என்பது இங்கே முக்கியம். வெர்சிகலர் அறுமடியம்; இருமடியச் செட்டோசாவும் நான்மடிய வெர்ஜினிகாவும் கலந்து உருவானது என்ற கருதுகோள் உண்மையானால், அது வெர்ஜினிகாவிலிருந்து விலகுவதைப்போல் இரு மடங்கு செட்டோசாவிலிருந்து விலகியிருக்க வேண்டும். அதாவது 0, 2, 3. ஃபிஷர் இதை நான்கு அளவுகளையும் இணைத்த சார்பில் பார்த்தார். அளவுக்கு அளவு பிரித்துப் பார்ப்பது என் தேர்வு. செட்டோசாவை 0 என்றும் வெர்ஜினிகாவை 3 என்றும் நிறுத்தினால், வெர்சிகலரின் இடம் அல்லிதழ் நீளத்தில் 2.05, அல்லிதழ் அகலத்தில் 1.82, புல்லிதழ் நீளத்தில் 1.76. எழுத்துவரிசை கோரும் 1.5-ஐ விட இம்மூன்றும் ஃபிஷரின் 2-க்கே அருகில் நிற்கின்றன. புல்லிதழ் நீளத்தில் அந்த நெருக்கம் மிகச் சிறிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் புல்லிதழ் அகலத்தில் கிடைப்பது 4.35. அங்கே சராசரிகள் 3.428, 2.770, 2.974, வெர்சிகலர் இரு முனைகளுக்கும் வெளியே கிடக்கிறது. 1, 2, 3 கொண்டு நேர்கோடு பொருத்துபவர் மிகக் குறுகிய புல்லிதழ் வெர்ஜினிகாவுடையது என்று முடிவுகட்டுவார். அது தவறு. ஆக, வெர்சிகலருக்கென ஓர் எண் கிடையாது. எந்த அளவை விளக்குகிறோமோ அதைப் பொறுத்தே எண் அமைகிறது.

இந்த 4.35 மாதிரியின் தற்செயலாகலாமே என்று கேட்கலாம். வெர்சிகலர், வெர்ஜினிகா சராசரிகளின் வேறுபாடு 0.204, அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.064. மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாட்டைத் தற்செயல் என ஒதுக்க நான் தயங்குவேன். இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. செட்டோசாவும் வெர்சிகலரும் ஒரே திரளில் வளர்ந்தவை, வெர்ஜினிகா வேறிடத்தது. ஆகவே இது இனத்தின் விளைவா, நிலத்தின் விளைவா? தரவைக் கொண்டு பிரித்தறிய இயலாது என ஒப்புகிறேன். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத வேறுபாட்டுக்கு முன்கூட்டியே இடைவெளி விதிப்பது இன்னும் துணிவான செயலன்றோ? தீர்மான மரங்களுக்கு இடைவெளி பொருட்டல்ல என்பதும் உதவாது. வரிசை அவற்றுக்கும் பொருட்டே, இங்கே பிழைபட்டிருப்பதும் வரிசையே. எஞ்சுவது சிக்கன வாதம்: சுட்டு மாறிகள் இரண்டு தேவைப்படும், எண் ஒன்றே போதும். 150 பூக்களில் அதற்காகும் செலவு, எச்சத்தின் கட்டின்மை எண் 148-இலிருந்து 147 ஆவது மட்டுமே.