எண்ணெய் உலரும் காலம்

இலண்டனின் கிரீனிச் வானாய்வகத்தில் ஜான் ஹாரிசன் செய்த நான்கு கடல் கடிகாரங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் ஓடுகின்றன. நான்காவது நின்றிருக்கிறது. அதில் பழுது ஏதும் இல்லை. ஓடவிட்டால் தேய்ந்துவிடும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் வாரண்டி பற்றியும் சர்வீஸ் பற்றியும் யார் பேசினாலும் எனக்கு அந்த நான்காவது கடிகாரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஹாரிசன் தச்சுவேலை தெரிந்தவர். அவர் காலத்து எண்ணெய் சீக்கிரம் கெட்டியாகிக் கடிகாரத்தை இழுத்துப் பிடித்துவிடும். அதனால் எண்ணெயே வேண்டாம் என்று முடிவெடுத்தார். லிக்னம் விட்டே என்ற மரம் தனக்குள்ளேயே பிசுபிசுப்பு உள்ளது. உராயும் இடங்களில் அதையே வைத்தார். 1722 வாக்கில் பிரோக்லெஸ்பி பார்க்கின் குதிரை லாயத்துக்கு அவர் செய்த கடிகாரம் எண்ணெய் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. முதல் மூன்று கடல் கடிகாரங்களும் அதே யோசனையின் பிள்ளைகள்.

1759இல் முடிந்த நான்காவது, உள்ளங்கையில் அடங்கும் பெரிய பாக்கெட் வாட்ச் மாதிரி இருந்தது. அந்தச் சின்ன இடத்தில் பழைய உத்திகள் செல்லுபடியாகவில்லை. ரத்தினக் கற்களில் துளையிட்டு, துளியூண்டு எண்ணெய் விட்டார். 1761இல் ஜமைக்காவுக்குப் போன பயணத்தில் 81 நாளில் சுமார் 5 விநாடிதான் பின்தங்கியது. கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் வழி திறந்தது. ஆனால் சிறியதாகவும் துல்லியமாகவும் ஆனதற்கு விலை உண்டு. கடிகாரம் எண்ணெயை நம்பி வாழத் தொடங்கியது. இன்று நாம் கையில் கட்டும் எந்த மெக்கானிக்கல் வாட்ச்சும் அந்த நான்காவதின் வாரிசுதான்.

"வாட்ச் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு சர்வீஸ்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பரவலாகப் பயன்படும் இயந்திரம் ஒன்று விநாடிக்கு 8 முறை துடிக்கிறது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 25 கோடித் துடிப்பு. உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல ஆவியாகும், பரவும், கெட்டியாகும். உலோகத் துகள் அதில் கலந்தால் உராய்வைக் குறைக்க வேண்டிய எண்ணெய் அரைக்கும் பசையாகிவிடும். நேரம் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அச்சுமுனைகள் தேயும். நிற்கும்வரை காத்திருந்தால், எண்ணெய் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை உறுப்புகளையே மாற்றும் வேலையாகிவிடும்.

இந்த எண்ணெய்க்குப் பின்னால் ரத்தமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கில வேட்டையின் தலைநகரம். ஓங்கில் இனங்களின் தாடையிலும் தலையிலும் இருந்து எடுத்த எண்ணெய், குளிரில் லேசில் உறையாது. அதை வடிகட்டிக் கடிகார எண்ணெயாக விற்றவர்களில் வில்லியம் நை பெயர் பெற்றவர். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செயற்கை எண்ணெய்கள் வந்தன. 1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் போட்டது. செயற்கை எண்ணெய் அதிக நாள் உழைத்தது. சர்வீஸ் இடைவெளி நீண்டதற்கு அது ஒரு பெரிய காரணம்.

சர்வீஸ் என்பது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினை. 1891 ஏப்ரலில் ஒஹையோவின் கிப்டன் ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு ரயில்காரரின் கடிகாரம் 4 நிமிடம் நின்று மறுபடி ஓடியதே காரணம் என்று சொல்லப்படுகிறது. கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரை ரயில்வே அழைத்தது. ரயில் ஊழியரின் வாட்ச் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறக்கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதகரிடம் காட்டி அட்டையில் பதிய வேண்டும் என்று விதிகள் வந்தன. இன்றைய சர்வீஸ் அட்டைக்கு அதை ஒரு மூதாதை என்பேன். ஆனால் அந்த அட்டை காப்பாற்றியது பயணியின் உயிரை.

1969 டிசம்பர் 25இல் சேய்கோ தன் குவார்ட்ஸ் வாட்ச்சை விற்பனைக்கு விட்டது. நேரம் பார்க்க மெக்கானிக்கல் வாட்ச் தேவையே இல்லாமல் போனது. பிறகு அது ஆடம்பரப் பொருளாகத் தப்பிப் பிழைத்தது. தேவைக்கு வாங்கிய பொருளுக்குப் பரிசோதகர் வேண்டியிருந்தது. ஆசைக்கு வாங்கும் பொருளுக்கு வாக்குறுதி வேண்டியிருக்கிறது. 2015இல் ரோலெக்ஸ் வாரண்டியை 5 வருடமாக்கி, சர்வீஸ் சுமார் 10 வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றது. 2018இல் ஒமேகாவும் 5 வருடத்துக்கு வந்தது. 2019இல் கார்த்தியே, பதிவு செய்துகொண்டால் 8 வருடம் வரை என்றது. 2020இல் ஓரிஸ் தன் காலிபர் 400க்கு, அதேபோல் பதிவு செய்தால், 10 வருட வாரண்டி தந்தது. சர்வீஸ் இடைவெளியும் 10 வருடம்.

இரண்டு எண்களையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். சர்வீஸ் இடைவெளி எண்ணெயின் ஆயுள் பற்றியது. வாரண்டி, தயாரிப்பில் நேர்ந்த குறைக்கு யார் பொறுப்பு என்பது பற்றியது. தேய்மானம், தவறிக் கீழே போட்டது, தோல்பட்டை இதெல்லாம் பொதுவாக அதில் சேராது. வெளியாள் திறந்தால் வாரண்டி போச்சு என்பதுதான் வழக்கமான நிபந்தனை.

அந்த நிபந்தனையில்தான் எனக்கு நெருடல். 2004இல் ஐரோப்பியக் கடிகாரப் பழுதுநீக்குவோர் சங்கங்களின் கூட்டமைப்பு, பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு உதிரிபாகம் தர மறுப்பதாகப் புகார் செய்தது. ஐரோப்பிய ஆணையம் 2008இல் புகாரை ஒதுக்கியது. 2010இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து 2014இல் மறுபடி ஒதுக்கியது. 2017இல் நீதிமன்றம் இம்முறை ஆணையத்தின் பக்கம் நின்றது. பதின்மூன்று வருஷம் போராடித் தோற்றார்கள். தரத்தைக் காக்கிறோம், போலி உறுப்புகளைத் தடுக்கிறோம் என்ற நிறுவனங்களின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு சந்து முனையில் உட்கார்ந்திருந்தவரின் கைத்திறன், உறுப்பு கிடைக்காமலே பட்டுப்போகிறது. வாரண்டி நீள நீள, அவர் கடைக்குப் போகும் பாதை அடைபடுகிறது.

ஆகவே வாட்ச் வாங்கும் இளைஞர்களிடம் எத்தனை வருஷ வாரண்டி என்று மட்டும் கேட்காதீர்கள் என்பேன். அது முடிந்த பிறகு இதை வேறு யார் திறக்கலாம், உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்றும் கேளுங்கள். 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்ப்பதாக பட்டேக் பிலிப் சொல்கிறது. அப்படிச் சொல்ல முடியாதவர்கள், பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு உறுப்பையாவது விற்கட்டும்.