ஒரு தொப்பியின் விலை

'தொப்பி, கண்ணாடி, செல்போன் எல்லாத்தையும் வெச்சுட்டு ஏறுங்க!' ரோலர் கோஸ்டர் வாசலில் ஊழியர் இப்படிக் கத்தும்போது, 'பறந்து போனா எனக்குத்தானே நஷ்டம், இவருக்கு என்ன வந்தது?' என்று நீங்கள் முணுமுணுத்திருக்கலாம் (நானும்தான்!).

ஆரம்பத்தில் விஷயம் அவ்வளவுதான். 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்கஸ் தாம்ப்ஸன் அமைத்த 'ஸ்விட்ச்பேக் ரயில்வே'யின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். ஒரு சைக்கிள் அதை ஓவர்டேக் செய்துவிடும்! அதே கடற்கரையில் 1897-ல் 'ஸ்டீபிள்சேஸ் பார்க்'கைத் திறந்த ஜார்ஜ் டில்யூ பெரிய குறும்புக்காரர். அவருடைய பூங்காவில் மரக்குதிரைச் சவாரி முடிந்து இறங்குகிறவர்கள் ஒரு மேடையைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். தரையிலிருந்து திடீரென்று காற்று பீறிடும். ஆண்களின் தொப்பி பறக்கும், பெண்களின் பாவாடை... சரி, விடுங்கள்! எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆமாம், தொப்பி பறப்பதுதான் அங்கே தமாஷே!

தமாஷ் மாறியது 1992-ல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 'பேட்மேன்: தி ரைட்' வந்தது. தண்டவாளம் தலைக்கு மேலே, இருக்கைகள் கீழே தொங்கும், கால்கள் அந்தரத்தில்! அடடா, என்ன த்ரில்! மற்ற பூங்காக்களும் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் யோசித்துப் பாருங்கள்... அதுவரை சும்மா கிடந்த கீழ்த்தரை, இப்போது மனிதக் கால்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப் பாயும் பாதை. தவறி விழுந்த தொப்பியோ சமர்த்தாக அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்!

1998 செப்டம்பர், கலிஃபோர்னியா. பறந்த தொப்பியை எடுக்க, பூட்டியிருந்த வேலிக்குள் நுழைந்தார் ஓர் இளைஞர். மேலே வந்த பெண்ணின் கால் அவர்மீது மோதியது. அவர் இறந்துபோனார், அந்தப் பெண்ணின் கால் முறிந்தது. (சட்டப்படி நடந்துகொண்டு பேசாமல் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் அவர்!) 2008-ல் ஜார்ஜியாவில் 17 வயதுப் பையன் இரண்டு வேலிகளைத் தாண்டினான். அதுவும் தொப்பிக்காகத்தான் என்றார்கள். பிழைக்கவில்லை. 2015-ல் ஒஹையோவில் ஒருவர், செல்போனுக்காக...

வேலி தாண்டாமலே ஆபத்து வந்ததும் உண்டு. ஆர்லாண்டோவில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே சீறி வந்து மயிரிழையில் விலகும் ஒரு சவாரி இருந்தது. 2011-ல் பறந்துவந்த ஏதோ ஒரு பொருள் தாக்கி, பயணி ஒருவர் ஒரு கண்ணையே இழந்தார். அடுத்த சில நாட்களில் இன்னொருவருக்கும் காயம். அதோடு, இரண்டு ரயில்களையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே விடுவதை நிறுத்தினார்கள். பிறகு அங்கே வரிசையிலேயே, ஏர்போர்ட் மாதிரி, மெட்டல் டிடெக்டரும் வந்து நின்றது!