கணக்கில் ஏறாத கூலி

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா இட்லிக் கடை போட்டது, சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனில். குழுக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி அம்மாவைத் ‘தொழில்முனைவோர்’ என்றார். அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான். அந்தச் சொல் பெண்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் அன்று எது விடுபட்டது என்று புரிந்தது.

1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த தெரு வியாபாரிப் பெண்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, நாளெல்லாம் உழைத்தார்கள். முதல்தான் இல்லை. வட்டிக்காரர் கொடுத்தால்தான் மறுநாள் கூடை நிறையும். அதனால் வங்கிக் கடனுக்காகத் திரண்டார்கள். அமைப்பின் பெயரிலேயே அவர்கள் உழைக்கும் பெண்கள்.

1983இல் தமிழக அரசு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98இல் மகளிர் திட்டம் வந்தது. இந்தப் பாதையில் உழைக்கும் பெண் மெல்ல மெல்லத் தொழில்முனைவோர் ஆனாள். அதில் லாபம் உண்டு: வங்கிப் படியே ஏறாதவர்கள் கடன் வாங்கித் திருப்பிக் கட்டினார்கள். நட்டமும் உண்டு: உழைப்பாளி கூலி கேட்கலாம். முனைவோர் யாரிடம் கேட்பாள்?

அம்மாவின் நோட்டில் அரிசி, உளுந்து, விறகு, கடன் தவணை எல்லாம் இருந்தன. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த அம்மாவின் கூலி இல்லை. மாவாட்டிய பாட்டியின் கூலியும், பள்ளிக்குப் போகுமுன் பாத்திரம் கழுவிய என் கூலியும் இல்லை. மூன்றையும் கழித்திருந்தால், லாபம் என்று எழுதியதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பாட்டி படுத்த படுக்கையான பிறகு, பக்கத்து வீட்டு அக்காவை நாள்கூலிக்கு வைத்தார் அம்மா. நோட்டில் முதன்முதலாகக் ‘கூலி’ என்று ஒரு வரி ஏறியது. அந்த மாதம் லாபம் பாதியானது. “நட்டமாப் போச்சுடி” என்று வருந்தினார். கணக்கு அப்போதுதான் பாதியாவது சரியானது.

தொழில்முனைவு வேலை தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அக்காவுக்குத் தந்தது. எத்தனை பெண்கள் கடை திறந்தார்கள் என்று எண்ணும்போது, அந்தக் கடைகளுக்குள் எத்தனை பெண்களுக்குக் கூலி கிடைத்தது என்றும் எண்ணுவோம். கடைக்காரியையும் சேர்த்து.