பெயர் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும்

2022 நவம்பர் 20ஆம் திகதி கட்டாரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தொடங்கியது. அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர்தான் டோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் திருத்த வேலைகள் முடிந்து மறுபடி திறந்தது. மேட்ச் பார்க்க வந்த ஆக்கள் அங்கேயும் போனார்கள்.

கட்டடத்தை வரைந்தவர் ஐ. எம். பெய். 2008இல் முதன்முதல் திறந்தபோது அவருக்கு 91 வயது. கெய்ரோவின் இப்னு துலூன் பள்ளிவாசல் முற்றத்தில் வுழூச் செய்யும் மண்டபத்தைப் பார்த்துத்தான் வடிவம் பிடிபட்டதாம். பிறகு வரும் கட்டடங்கள் மறைக்கக்கூடாதென்று கடலுக்குள் தனித் தீவே போட்டார்கள்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கிற பழைய விளக்குகளையும் கம்பளங்களையும் செய்த பலரின் பெயர் தெரியாது. அந்தக் கிண்ணத்துக்காக ஸ்டேடியமும் வீதியும் போட்ட தென்னாசியத் தொழிலாளர்களில் எங்கட நாட்டு ஆக்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

அடுத்தமுறை ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனால், யாருடையது என்று மட்டுமில்லை, யார் செய்தது என்றும் கேட்டுப் பாருங்கோ.