நுரையின் வரலாறு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலைமீது வெள்ளிமலை என்னும் ஊர் உள்ளது. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்பகுதியில் நான் வாழ்ந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் கொடுத்த பூந்திக்கொட்டையின் தோலை ஊறவைத்து, அந்நீரில் வேட்டியைத் துவைத்தேன். எஞ்சிய நுரைநீரை ஓடையில் கொட்டப் போனபோது, "ஐயா, ஓடையில ஊத்தாதீங்க, மீனெல்லாம் செத்துப்போகும்" என்று அவன் தடுத்தான். அறிவியல் கற்பிக்கும் நான் அன்று அவனிடம் பாடம் கேட்டேன். அதே பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

நுரை தரும் பொருளின் அணுத்திரள் ஒவ்வொன்றும் இருமுகம் உடையது. ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். ஆதலால் அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய்ப் பசையைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு போக்கிவிடுகின்றது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் இவ்வகைப் பொருளே. மீனின் செவுளைத் தாக்குவதும் அதுவே.

1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், 'டோரி கேன்யன்' என்னும் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதிற்று. அதில் ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. கடலைத் தூய்மை செய்ய ஏறத்தாழ 10,000 டன் செயற்கை அழுக்குநீக்கிகளைத் தெளித்தனர். அவற்றில் கலந்திருந்த கரைப்பான்கள் கொடிய நச்சுடையவை. விளைவு யாது? மருந்து படாத பாறைகளில் இரண்டு மூன்று ஆண்டுகளில் உயிர்கள் மீண்டும் தழைத்தன. மருந்து மிகுதியாகத் தெளித்த பாறைகள் பழைய நிலையை எய்தப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. நோயினும் மருந்தே கொடிதாயிற்று!

இதற்கு அடுத்த ஆண்டு, 1968-இல், ஜப்பானிய அறிஞர்கள் மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து சர்ஃபாக்டின் என்னும் ஆற்றல்மிக்க நுரைப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1998-இல், வடகடலின் போர்க்கும் தீவுக்கு அருகே கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு 'ஆல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ்' என்று பெயரிட்டனர். எண்ணெயே அதன் உணவு. சர்க்கரையும் கொழுப்பும் இணைந்த நுரைப்பொருளைத் தானே ஆக்கி, எண்ணெயைத் துளியாக்கி உண்கின்றது. நம் மலைக்காட்டு மரம் செய்யும் வேலையைக் கண்ணுக்குப் புலனாகாத கடலுயிரும் செய்வது வியப்பன்றோ!

நம் கரைக்கும் இச்சோதனை வந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கரையில் படிந்த எண்ணெய்ச் சேற்றை மக்கள் வாளிகளால் அள்ளினர். அள்ளிய சேற்றைச் சிதைக்கப் பாக்டீரியாக்களும் பயன்பட்டன.

எனினும், மாணவர்களே, இவ்வுயிர்களை நம்பிக் கடலை மாசுபடுத்தலாகாது. அவற்றுக்கு உயிர்வளியும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும், காலமும் வேண்டும். கப்பல் நொடியில் கொட்டுவதை அவை நாள்பலவாக உண்கின்றன. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. எதை, எவ்வளவு, எந்த நீரில் கொட்டுகின்றோம் என்பதே வினா. அவ்வினாவை எனக்குக் கற்பித்தவன் ஓடைக்கரையில் நின்ற அந்தச் சிறுவன்.